புல்தரைக்குக் குழாய் போட்ட வருஷம்

எங்கள் வீட்டுப் புல்தரைக்குத் தானாகத் தண்ணீர் தெளிக்கும் குழாய் பதித்திருக்கிறோம் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். கேமரன் மலைக் குளிரில் துவைத்த துணியே லேசில் காயாது; இங்கே போய்ப் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்க ஒரு குழாயா என்பார்கள். சிரிக்கட்டும். அதன் நன்மைகளை நான் சொல்லத் தொடங்கினால், சிரித்தவர்களே குழாய்க்காரரின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். என் வீட்டுக்காரர் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு அலைவது நின்றது. இடுப்பு வலிக்கிறது என்ற புலம்பலும் பாதியாகக் குறைந்தது. வெயில் ஏறுமுன்பே தெளித்து முடித்துவிடுவதால் தண்ணீர் வீணாவதில்லை. வெளியூர் போனால் பக்கத்து வீட்டில் போய்க் கெஞ்ச வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, புல் முழுக்க ஒரே நிறமாக இருக்கும். அங்கே ஒரு திட்டு, இங்கே ஒரு திட்டு என்று எதுவும் தெரியாது.

அந்தக் கடைசி நன்மைக்காகத்தான் நான் அதைப் போட்டேன். அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீடு தானா ராத்தா டவுனிலிருந்து கொஞ்சம் தள்ளி, தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. முன்பு அங்கே தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருந்தன. அவற்றை இடித்து, நிலத்தைச் சமன்படுத்தி, துண்டு துண்டாக விற்றபோது நாங்கள் ஒன்றை வாங்கினோம். என் வீட்டுக்காரர் தேயிலை ஆலையில் இலை உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர். ஆயுசு முழுக்கச் சூட்டிலும் தூசியிலும் நின்ற மனுஷனுக்கு, ஓய்வு பெற்றதும் புல்மேல் ஆசை வந்துவிட்டது. துரை பங்களாவில் இருப்பது போலவே நமக்கும் வேண்டும் என்று, சதுரம் சதுரமாக வெட்டிய புல்லை லோரியில் கொண்டுவந்து இறக்கினார். பேரப்பிள்ளைகள் உருண்டு விளையாடுமாம். அதுவரைக்கும் நான் செருப்போடு அதில் கால் வைத்தால்கூட முகத்தைச் சுளிப்பார்.

பேரப்பிள்ளை வருவதாகத்தான் இருந்தது. எங்கள் ஒரே மகன் காய்கறி லோரி ஓட்டுகிறான். பிரிஞ்சாங்கில் ஏற்றிச் சிங்கப்பூர் வரை போய் இறக்கிவிட்டு வருவான். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். மருமகள் எங்களோடுதான் இருந்தாள். குழாய் போட்டதற்கு முந்தைய வருஷம் அவளுக்கு மாதம் நிறைந்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது. உயிரோடு பிறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்ததை என் மகனும் வீட்டுக்காரரும் வாங்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

எங்களில் பெரியவர்களைத்தான் எரிப்போம். சிறு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்துவிடுவோம். பெண்கள் அந்த இடுகாட்டுக்குப் போகக் கூடாது. பெற்றவளிடம் இடத்தைச் சொல்லவே கூடாது. சொன்னால் அவள் மனசு அங்கேயே சுற்றும், அடுத்தது வயிற்றில் தங்காது என்பார்கள். நானும் கேட்கவில்லை. மருமகளுக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டி வற்ற வைத்தேன். அப்போதும் அவள் எங்கே வைத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததால் மறந்துவிட்டாள் என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம்.

மறுபடி அவள் மாசமானாள். இதாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர வீட்டில் வேறு நினைப்பு இல்லை. சாவு வீட்டுப் பக்கம் அவளை விடமாட்டேன். டிவியில் யாராவது அழுதால்கூட எழுந்துபோய் அணைத்துவிடுவேன்.

அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதுதான் மழை ஏமாற்றியது. தை பிறந்ததிலிருந்து சொட்டு விழவில்லை. ஓடைகள் நூலாக இளைத்தன. என் வீட்டுக்காரர் ரப்பர் குழாயோடு மல்லுக்கட்டிப் பார்த்தார். புல் அவர் கண்ணெதிரே காய்ந்தது.

ஒரு நாள் காலை வாசல் கூட்டப் போனவள் விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டேன். பனி தரையோடு தரையாகக் கிடந்தது. அது விலக விலக, பழுப்பேறிய புல்லின் நடுவில் பச்சைத் திட்டுகள் தெரிந்தன. தாறுமாறாக இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்கமாட்டேன். அவை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் நீளவாக்கில், ஓரங்கள் வெட்டிவிட்டாற்போல நேராக, அரிசி புடைக்கும் முறத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. எல்லாமே தெற்கு வடக்காகக் கிடந்தன. ஓரத்தில் ஒன்று, என் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தால் மூடிவிடலாம், அவ்வளவு சின்னது.

நான் தோட்டத்தில் பிறந்தவள். நாங்கள் குடியிருந்த லயனுக்குப் பின்னாலும் சிறு பிள்ளைகளைப் புதைக்கிற சரிவு ஒன்று இருந்தது. பந்து அங்கே உருண்டு போனால் யாரும் எடுக்கப் போகமாட்டோம். ஒருமுறை தோண்டிய மண் பழையபடி இறுகுவதில்லை. ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். மழை இருக்கும்வரை எல்லாப் புல்லும் ஒன்றுதான். வறட்சி வந்தால் தோண்டிய இடம் மட்டும் பச்சையாக நிற்கும். புல்டோசர் மேலே இருந்த மேட்டைத்தான் மழித்திருக்கிறது. கீழே இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறார்கள். அவர்கள் மேல்தான் நான் இத்தனை வருஷம் துணி காயப்போட்டிருக்கிறேன், நாற்காலி போட்டு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன். காலை எங்கே எடுத்து வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "உரம் ஒரே எடத்துல விழுந்துருச்சு போலருக்கே" என்றார். நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன். அவரிடம் சொன்னால் அது அன்றைக்கே பிரிஞ்சாங் பாசார் கடைகள் வரைக்கும் போய்விடும்.

மருமகள் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றில் இருந்தது.

"அது என்னா அத்தை, கட்டம் கட்டமா?"

"உங்க மாமா உரத்தக் கைதவறிக் கொட்டிட்டாரும்மா. நீ உள்ள போய் ஒக்காரு."

அவள் நகரவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எல்லாம் ஒரே பக்கமா கைதவறியிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே லெம்பா பெர்த்தாமிலிருந்து ஆளை வரவழைத்தேன். காய்கறித் தோட்டங்களுக்குத் தெளிப்பான் போட்டுக் கொடுக்கிறவர். தமிழ் ஆள்தான், வாய் ஓயாத மனுஷன்.

"விடியக்காலம் அதுவா தொறக்கும், அதுவா மூடும் அக்கா. நீங்க பாட்டுக்குத் தூங்கலாம்லா. ஒரு எடம் விடாது. எங்க பாத்தாலும் ஒரே கலர்தான்."

"ஒரே கலரா?"

"கார்ப்பெட் மாதிரி."

"நாளைக்கே வந்து போட்டுருங்க" என்றேன். என் வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய புல்லைச் சக்களத்தி என்று கேலி செய்துகொண்டிருந்தவள் நான்.

மறுநாள் குழாய்க்காரர் வாய்க்கால் மாதிரி ஒடுக்கமாக வெட்டிக்கொண்டு வர, நான் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். "இங்க வேணாம், அப்படிச் சுத்திப் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்களே வெட்டுங்களேன்" என்றார். ஆனாலும் ஓரிடத்தில் மண்வெட்டி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. மண்ணோடு சேர்ந்து சின்னதாக ஏதோ கறுப்பாக வந்து விழுந்தது. அவர் விரலால் துடைத்தார். கண்ணாடி வளையல், பாதி உடைந்தது. கண்படக் கூடாது என்று கைக்குழந்தைக்குப் போடுவார்களே, அந்தக் கறுப்பு வளையல். என் கட்டைவிரலுக்குக்கூடப் போடமுடியாத அளவு.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு புல்லில் இருந்த திட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வளையலை இருந்த இடத்திலேயே வைத்து, கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார்.

"பைப்ப வேலியோரமா கொண்டு போயிருவோம் அக்கா" என்றார். அதற்குப் பிறகு வேலை முடியும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன், ரோட்டுக்குப் போய் நின்று குடித்தார்.

முதல் தடவை அது திறந்தபோது நான் வாசலில் நின்றேன். விடிந்தும் விடியாத நேரம். தண்ணீர் வருமுன் குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேற வேண்டும். அதைக் குழாய்க்காரர் எனக்குச் சொல்லவில்லை. பனிக்குள்ளிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு தரைக்குள்ளிருந்து கறுப்பாக, சின்னச் சின்னதாக, தலைகள் ஒவ்வொன்றாக எழும்பின. தண்ணீர் தெளிக்கும் பிளாஸ்டிக் மூக்குகள் என்று எனக்குத் தெரியும். கடையில் நின்று நானேதான் தேர்ந்தெடுத்தேன். இருந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் புல் முழுக்கப் பச்சையாகிவிட்டது. திட்டுகள் அதற்குள் மூழ்கிப்போயின. என் வீட்டுக்காரர் போட்டோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார். நான் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்து, மழை நின்ற பிறகு முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

அந்தப் பெருமூச்சைக் கேட்டுத்தான் தினமும் எழுந்துகொள்வேன். ஒரு நாள் அது கேட்கவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தால், நேரம் வைக்கும் பெட்டியில் விளக்கு எரிகிறது. புல்லில் தண்ணீர் தெளித்த சுவடே இல்லை. பின்பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் வால்வை யாரோ இறுக்கி மூடியிருந்தார்கள்.

"நான் ஏன்டி மூடப் போறேன்?" என்றார் வீட்டுக்காரர். அவர் மூடமாட்டார்தான். நான் திறந்துவிட்டேன். மறுநாளும் மூடியிருந்தது. திறப்பேன், மூடியிருக்கும். அடிக்கிற வெயிலுக்குப் புல் எத்தனை நாள் தாங்கும்? துடைத்த சிலேட்டில் பழைய எழுத்து தெரிவதுபோல, திட்டுகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன.

நான் லேசில் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் தங்களை மறைப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்துவிட்டது, வந்தபிறகு போகவில்லை. வாசல் வழியாக நடப்பதை விட்டுவிட்டுப் பின்கட்டு வழியாகச் சுற்றிப் போனேன். கொடியில் துணி எடுக்கும்போது, என் முழங்கால் உயரத்தில் யாரோ நிற்பதாக இருக்கும். திரும்பினால் புல்தான் இருக்கும். மருமகளைப் பார்க்கும்போதெல்லாம் திருநீறு எடுத்துப் பூசிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்ன டம்ளரில் பால் எடுத்துக்கொண்டு போய்ப் புல் ஓரத்தில் வைத்தேன். "நீங்க யாரு பெத்த பிள்ளைங்களோ, எனக்குத் தெரியாது. இங்க ஒருத்தி வயித்துப் பிள்ளையோட இருக்கா. தண்ணிய மூடாம, பேசாம கண்ண மூடிப் படுங்க" என்று அதட்டலாகத்தான் சொன்னேன். குரல் நடுங்கியது எனக்கே கேட்டது.

காலையில் வால்வு மூடியிருந்தது. புல் ஓரத்தில் டம்ளரைக் காணவில்லை. அது அடுப்படியில், கழுவி, தட்டில் கவிழ்த்து வைத்திருந்தது. விளிம்பில் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவியதில்லை. பேய்களும் பாத்திரம் கழுவுவதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த நாள் விடியுமுன் அடுப்படியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். மருமகள் தன் அறையிலிருந்து வந்தாள். என்னைக் கவனிக்கவில்லை. பின்கதவைத் திறந்து, தொட்டியடியில் குனிந்து, இரண்டு கையாலும் வால்வைத் திருகி மூடினாள். பிறகு வாசல் பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

பனிக்குள் அவள் வெறுங்காலோடு நின்றாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, சிரமப்பட்டு, ஒரு திட்டின் பக்கத்தில் குந்தினாள். உள்ளங்கையைப் புல்மேல் வைத்து, மெதுவாக நகர்த்தி, பச்சை முடிகிற இடத்தில் நிறுத்தினாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. பிறகு அடுத்ததற்கு நகர்ந்தாள். அவளை ஏதோ பிடித்துவிட்டது, இந்தப் பிள்ளையும் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றியது. தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மாடி" என்று கூப்பிட்டேன்.

அவள் திடுக்கிடவில்லை. "பனியில நிக்காதீங்க அத்தை, ஒங்களுக்கு ஆகாது" என்றாள்.

"நீயாம்மா தண்ணிய மூடுற?"

"ஆமா."

"அந்தப் பாலு?"

"ஊத்திட்டேன். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம்."

"இதெல்லாம் என்னான்னு ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். நானும் தோட்டத்துப் பிள்ளைதானே அத்தை."

"பின்ன ஏம்மா? மாசமா இருக்கிறவ பாக்கக் கூடாதத..."

அவள் கையை எடுக்காமலே பேசினாள். "எப்படி இருக்கும்னு பாத்துக்கிறேன். ஓரம் எப்படி இருக்கும், புல்லு எவ்வளவு ஒசரம் நிக்கும், தலை எந்தப் பக்கம்னு. எம்பிள்ளைய எங்க வச்சாங்கன்னு நீங்க யாரும் சொல்ல மாட்டீங்க. நானாத்தான் தேடணும். மழை வந்துட்டா ஒன்னும் தெரியாது அத்தை. அதுக்குள்ள பழகிக்கணும்ல."

நான் அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன். அவளே தொடர்ந்தாள். "நீங்க கோயிலுக்குப் போனப்ப மேல இடுகாட்டுக்கு ஒருவாட்டி போய்ட்டு வந்தேன். சரிவுல ஏற முடியல. வழுக்கி ஒக்காந்துட்டேன். அடி ஒன்னும் இல்ல."

புல்லுக்கு அடியில் இருந்தவர்களைப் பற்றி எனக்கிருந்த பயம் அந்த இடத்திலேயே போய்விட்டது. வேறு பயம் வந்தது. எங்கள் வாயை மூடிக்கொண்டு இவளைக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தோம். இவள் வயிற்றுப் பிள்ளையோடு தன்னந்தனியாக மலைச்சரிவில் வழுக்கி விழுந்து எழுந்து வந்து எங்களுக்குச் சோறு பரிமாறியிருக்கிறாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

உள்ளே போய் வீட்டுக்காரரை எழுப்பினேன்.

"எங்க வச்சீங்க?"

"என்னாத்த?"

"பிள்ளைய."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் பேசக் கூடாதுலா. அவ காதுல விழுந்தா என்னா ஆகும்? அவளே கேக்கல."

"அவ கேக்கல. தேடிக்கிட்டு இருக்கா" என்றேன்.

அவர் கட்டிலை விட்டு இறங்கினார். பூட்ஸை எடுத்து மாட்டினார்.

தேயிலைக்கு நடுவே போகும் மண் ரோட்டில், இடுகாட்டுக்கு மேற்பக்கமாக எங்கள் வேனைக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கிருந்து ஏற வேண்டாம், மெல்ல இறங்கினால் போதும். மருமகளை நானும் அவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். பெண்கள் போகக் கூடாத இடம். ஆனாலும் போனேன். சரிவெல்லாம் லாலாங் புல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. காற்றே இல்லை. எங்கள் மூச்சு மட்டும் கேட்டது.

என் வீட்டுக்காரர் நின்று சுற்றும் முற்றும் பார்த்தார். "இங்கதான். ஒரு கல்லு நட்டு வச்சோம்" என்றார். கல் இல்லை. போன வருஷத்து மழை அதை எங்கேயோ உருட்டிவிட்டிருந்தது. அவர் இங்கே போனார், அங்கே போனார், லாலாங்கைக் காலால் விலக்கினார். அவருடைய முகம் வெளிறிக்கொண்டே வந்தது. இடம் அவருக்கே தெரியவில்லை.

மருமகள் கல்லைத் தேடவில்லை. என் கையை விட்டாள். தலையைச் சாய்த்துத் தரையையே பார்த்தபடி, கொஞ்சம் கீழே இறங்கி, கொஞ்சம் இடது பக்கம் போய், ஓரிடத்தில் குந்தினாள். வெளுத்த லாலாங்கை இரண்டு கையாலும் பிரித்தாள். உள்ளே பச்சையாக இருந்தது. உள்ளங்கையை வைத்து ஓரம் வரை நகர்த்தினாள், அங்கே நிறுத்தினாள்.

"தலை இந்தப் பக்கந்தானே மாமா?"

அவர் கிட்டே போய்ப் பார்த்தார். "ஆமாம்மா" என்றார். அந்த மனுஷன் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பேரு வச்சீங்களா?"

"இல்லம்மா. அப்படி வைக்கிறது வழக்கம் இல்ல."

அவள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு குனிந்து, அந்தப் புல்லுக்குள் ஒரு பெயரைச் சொன்னாள். எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. அதை இங்கே எழுதமாட்டேன்.

பிறகு மழை வந்தது. தெளிப்பான் இன்றைக்கும் வேலை செய்கிறது. நன்மைகளை நான் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறேன். மழையில்லாத மாதங்களில் மட்டும் சில நாள் வால்வு மூடியிருக்கும். யார் மூடினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அடியில் யார் இருக்கிறார்கள் என்று நான் சொன்ன பிறகு, புல் வெட்டும்போது என் வீட்டுக்காரர் திட்டுகள் இருந்த இடங்களில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கத்தரியால் வெட்டுகிறார்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். வீட்டுக்கு வந்த பிறகு பெயர் பற்றிப் பேச்சு வந்தபோது, என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் யோசிக்காமல், "அன்னைக்குச் சொன்னியேம்மா ஒரு பேரு, நல்லாத்தானே இருந்துச்சு, அதையே வச்சிருவோமே" என்றார்.

மருமகள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அது இவ அக்கா பேரு மாமா" என்றாள்.